பாரிஸில் ஆறு நாள்: வாரப் பாஸா, தனிச் சீட்டா? (2025ஆம் ஆண்டு உரையாடல்; கட்டணங்கள் அந்த ஆண்டுக்குரியவை)

கரந்தைத் தாத்தா எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். இந்த 2025 ஆகஸ்ட் மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் ஒன்பது வயதுப் பேரனும் பாரிஸ் செல்கிறோம். வியாழக்கிழமை காலை சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி, அடுத்த செவ்வாய் மாலை ஓர்லி விமான நிலையத்திலிருந்து புறப்படுகிறோம். தங்குமிடம் நகரின் தெற்கே, பிளாஸ் திட்டாலி மெட்ரோ நிலையத்துக்கு அருகில்.

வியாழன் மாலை சும்மா ஒரு சுற்று. வெள்ளியன்று லூவ்ர் அருங்காட்சியகமும் ஈஃபிள் கோபுரமும். சனிக்கிழமை வெர்சாய் அரண்மனைக்குப் போய் வந்துவிட்டு, மாலையில் சேன் ஆற்றங்கரை. ஞாயிறன்று பாரிஸிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயத் தேர், பிறகு மோன்மார்த்ர் குன்று. திங்களன்று நகருக்குள் இரண்டு இடங்கள். செவ்வாய் காலை கடைத்தெருவுக்குப் போய்விட்டு மாலையில் விமானம். இதுதான் திட்டம்.

நவிகோ என்ற பாரிஸ் போக்குவரத்து அட்டையில் வாரப் பாஸ் வாங்கினால் எல்லாவற்றிலும் ஏறலாம் என்று ஒருவர் சொல்கிறார். தனித்தனிச் சீட்டே போதும் என்கிறார் இன்னொருவர். பத்துச் சீட்டு அடங்கிய கட்டு மலிவாகக் கிடைக்கும் என்று பழைய பயண நூலொன்றில் படித்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான்; ஆனாலும் இந்தக் கட்டணப் பட்டியலைப் படித்தால் தலை சுற்றுகிறது. என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லாச்சப்பல் வாசி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் இருபது வருடங்களுக்கு மேலாக இங்கு வசிக்கிறேன். முதலில் அந்தப் பழைய நூலை மூடி வைத்துவிடுங்கள். பத்துச் சீட்டுக் கட்டு இப்போது இல்லை. இந்த ஆண்டு, 2025 ஜனவரி 1 முதல் கட்டணமுறை முழுவதும் மாறிவிட்டது. முன்பு விமான நிலையம், வெர்சாய், டிஸ்னிலாண்ட் என்று தூரத்துக்குத் தூரம் விலை வேறுபட்டது. இப்போது சாதாரணப் பயணத்துக்கு மூன்றே வகைச் சீட்டுகள்தான். மெட்ரோ, தொடருந்து, ஆர்.ஈ.ஆர். (நகரையும் புறநகரையும் இணைக்கும் விரைவுத் தொடருந்து) மூன்றுக்கும் பொதுவான சீட்டு 2.50 யூரோ, பேருந்துக்கும் டிராமுக்கும் 2 யூரோ, விமான நிலையத்துக்கு 13 யூரோ. வெர்சாய் போகவும் அதே 2.50 தான், இரண்டு மெட்ரோ நிலையங்களுக்கு இடையே போகவும் அதே 2.50 தான்.

இதில் வெளியூரார் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. மெட்ரோவிலிருந்து ஆர்.ஈ.ஆருக்கு அதே சீட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் மாறலாம். பேருந்திலிருந்து இன்னொரு பேருந்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் மாறலாம். ஆனால் மெட்ரோவில் இறங்கிப் பேருந்தில் ஏறினால் அது வேறு சீட்டு, வேறு காசு.

வாராந்தப் பாஸ் 31.60 யூரோ. மெட்ரோ, ஆர்.ஈ.ஆர்., புறநகர்த் தொடருந்து, பேருந்து, டிராம், மோன்மார்த்ரில் குன்றேறும் இழுவை வண்டி, இரண்டு விமான நிலையங்கள், வெர்சாய், எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் அது ஏழு நாள் பாஸ் அல்ல, கிழமைப் பாஸ். திங்கள் அதிகாலையில் தொடங்கி ஞாயிறு இரவோடு முடிந்துவிடும். நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழக்கிழமை வரைதான் விற்பார்கள். வெள்ளி பிறந்துவிட்டால் அடுத்த வாரத்துப் பாஸ்தான் கிடைக்கும். நீங்கள் வியாழன் காலையில் இறங்குவது உங்கள் நல்ல காலம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

உணர்ச்சிவசப்படாமல் எண்களைப் பார்ப்போம். ஐயாவின் திட்டப்படி, விமான நிலையப் பயணம் நீங்கலாக, வியாழனில் 2, வெள்ளியில் 4, சனியில் 4, ஞாயிற்றில் 4 என மொத்தம் 14 பயணங்கள். பெரியவர் ஒருவருக்கு 14 சீட்டின் விலை 35 யூரோ. விமான நிலையச் சீட்டு 13 யூரோ. ஆக 48 யூரோ. வாரப் பாஸ் 31.60, அதை ஏற்றிக்கொள்ளும் நவிகோ தெகூவெர்த் அட்டை 5, ஆக 36.60. நான்கே நாள் பயன்பட்டாலும் பாஸ்தான் 11.40 யூரோ மலிவு. விமான நிலையத்துக்கான 13 யூரோவைக் கழித்துவிட்டால் மீதிக்கு எட்டுப் பயணம் போனாலே பாஸின் விலை திரும்பிவிடும். இதுவரை எனக்கு மறுப்பில்லை.

ஆனால் திங்களும் செவ்வாயும் வேறு கதை. திங்களில் 4, செவ்வாய் காலையில் 2, ஓர்லிக்கு 13: மொத்தம் 28 யூரோ. இரண்டாவது வாரப் பாஸ் வாங்கினால் 31.60. ஆகவே முதல் நான்கு நாளுக்குப் பாஸ், கடைசி இரண்டு நாளுக்குத் தனிச் சீட்டு என்பதே சரி. தனிச் சீட்டை ஏற்ற நவிகோ ஈசி அட்டைக்கு 2 யூரோ. மொத்தம் 66.60. இரண்டு வாரப் பாஸ் என்றால் 68.20. எல்லாமே தனிச் சீட்டு என்றால் 78.

பேரனுக்குப் பாஸ் வேண்டாம். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனிச் சீட்டு அரை விலை; நான்கு வயதுக்குட்பட்டோருக்குச் சீட்டே இல்லை. ஆறு நாளுக்கும் சேர்த்து 20 பயணங்கள் 25 யூரோ, இரண்டு விமான நிலையப் பயணங்கள் 13 யூரோ, ஈசி அட்டை 2 யூரோ. ஆக 40 யூரோவில் முடியும்.

வைகைக்கரை எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணாவின் கூட்டலில் பிழையில்லை. ஆனால் அதில் அந்த அம்மாவின் முழங்கால் இல்லை.

நான் சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருடன் பாரிஸ் சென்றிருந்தேன். பாரிஸ் மெட்ரோ நூற்றாண்டைத் தாண்டியது. பெரும்பாலான பழைய நிலையங்களில் மின்தூக்கி கிடையாது. நகரும் படிக்கட்டு இருக்கும் இடங்களிலும், அது முடிந்த பிறகு இன்னும் பத்துப் பன்னிரண்டு படிகள் ஏறவேண்டியிருக்கும். ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறுவதென்றால், நிலத்தடிச் சுரங்கத்தில் ஏறி இறங்கி, வளைந்து நெளிந்து, அடுத்த தெருவரை நடந்ததுபோல் ஆகிவிடும். 1998இல் திறந்த 14ஆம் தடம் ஒன்றுதான் எல்லா நிலையங்களிலும் மின்தூக்கியோடு இருக்கிறது. இரண்டாம் நாளே என் தாயார் மெட்ரோவை வெறுத்துவிட்டார். அதன் பிறகு பேருந்துதான். பேருந்தில் உட்கார்ந்தபடியே ஆற்றையும் பாலங்களையும் பார்த்துக்கொண்டு போனதை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்.

புதிய கட்டண முறையில் மெட்ரோவும் பேருந்தும் கலந்து போனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிச் சீட்டு ஆகிறது. மூட்டு வலி உள்ளவர் மெட்ரோவில் பாதி தூரம், பேருந்தில் மீதி தூரம் என்றுதான் போவார். அவருக்கு ஒரு நாளில் நான்கு சீட்டு என்பது ஆறாகவோ ஏழாகவோ ஆகும். பாஸ் கையில் இருந்தால் இரண்டு நிறுத்தத்துக்கும் ஏறி உட்கார்ந்துவிடலாம். 1.60 யூரோவை மிச்சம் பிடிக்கப்போய் அந்தச் சுதந்திரத்தை விட்டுவிட வேண்டுமா?

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்கிறேன். தெகூவெர்த் அட்டையில் புகைப்படம் ஒட்டிப் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். நாங்கள் அட்டையை வாங்கினோம், காசு ஏற்றினோம், படத்தை அறைக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்று கைப்பையில் போட்டுவிட்டேன். அன்று மாலையே பரிசோதகர்கள் நின்றிருந்தார்கள். பாஸ் செல்லுபடியானது, ஆனால் படமில்லாததால் அது யாருடையதும் ஆகலாம் என்று சொல்லி அபராதம் விதித்தார்கள். கைப்பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டியும் பயனில்லை. தவறு முழுக்க என்னுடையதுதான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா கொடுத்த திட்டத்துக்குத்தான் நான் கணக்குப் போட்டேன், அம்மாவின் முழங்காலுக்கு அல்ல. இருந்தாலும் சுதந்திரம் என்ற பெயரில் பயணிகள் வீணாகச் செலவழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாஸ் வாங்கியவர் அதன் காசை எடுத்தாக வேண்டுமென்று நடக்கக்கூடிய தூரத்துக்கும் மெட்ரோவில் இறங்குவார். பாரிஸ் சிறிய நகரம். அதன் எல்லைக்குள் கிழக்கிலிருந்து மேற்காக நடந்தே கடந்துவிடலாம்.

லாச்சப்பல் வாசி எழுதியது:

ஒன்பது வயதுப் பிள்ளையோடும் மூட்டு வலியோடும் கடந்து பாருங்கள் அண்ணா.

படத்தைப் பற்றித் தங்கை சொன்னது மிக முக்கியம். அட்டையில் படம் ஒட்டும் இடம் இரண்டரை சென்டிமீட்டர் அகலமும் மூன்று சென்டிமீட்டர் உயரமும்தான். ஊரில் எடுக்கும் பாஸ்போர்ட் படம் அதைவிடப் பெரிது. அப்படியே கத்தரித்தால் நெற்றியோ தாடையோ போய்விடும். ஸ்டுடியோவில் அளவைச் சொல்லிச் சிறிதாக அச்சடித்துக்கொண்டு வாருங்கள். விற்பனை முகப்பிலிருந்து நகர்வதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். பேனாவும் கையோடு இருக்கட்டும்.

ஈசி அட்டை தானியங்கி இயந்திரத்திலேயே கிடைக்கும். தெகூவெர்த் அட்டைக்கு ஆள் இருக்கும் முகப்புக்குப் போகவேண்டும். விமான நிலையத்தின் ஆர்.ஈ.ஆர். நிலையங்களில் முகப்பு உண்டு. காலை நேரத்தில் வரிசை நீளும். அட்டை கையில் வந்துவிட்டால் பிறகு காசு ஏற்றுவதை இயந்திரத்திலேயே செய்யலாம். 2024 மே மாதத்திலிருந்து ஐபோனிலும் வாராந்தப் பாஸை ஏற்றலாம். அதற்கு முன்பே ஆண்ட்ராய்டில் வந்துவிட்டது. ஆனால் ஒரு கைபேசி ஒருவருக்குத்தான். ஒருவரே இரண்டு முறை தட்டி இருவரை உள்ளே அனுப்ப முடியாது. ஈசி அட்டைக்கும் அதே விதி. ஆளுக்கொரு அட்டை.

ஏன் இந்தத் திங்கள் முதல் ஞாயிறு வரை என்ற கணக்கு என்று பலர் கேட்பார்கள். இந்தப் பாஸ் வருகையாளரை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. 1975இல் வந்த ஆரஞ்சு அட்டையின் பிள்ளைதான் நவிகோ. தினமும் புறநகரிலிருந்து வேலைக்கு வந்துபோகிறவனுக்காக உண்டாக்கியது அந்த அட்டை; அதிலும் படம் ஒட்டவேண்டும், அதிலும் வாரமும் மாதமும்தான் கணக்கு. இங்கு வேலை கொடுப்பவர் தொழிலாளியின் பாஸில் பாதியைத் திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். நான் முதன்முதலாக உணவகத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தபோது, சம்பளச் சீட்டில் அந்தப் பாதித் தொகை ஒரு தனி வரியாக வந்ததைப் பார்த்து முதலாளிக்கு நன்றி சொல்லப் போனேன், சிரித்துவிட்டார். அதுமட்டுமல்ல, நிறுவனங்கள் சம்பளத் தொகையின் மீது போக்குவரத்துக்கென்றே ஒரு வரியும் கட்டுகின்றன. ஒரு வாரம் முழுக்க, பாரிஸும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய இல்-து-பிரான்ஸ் மாகாணம் பூராவும் 31.60 யூரோவுக்குச் சுற்ற முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கின்றன. அந்த விலை வேண்டுமென்றால் அவர்களின் நாட்காட்டியையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

வருகையாளருக்கென்றே பாரிஸ் விசித் என்ற பாஸ் தனியாக இருக்கிறது. எந்த நாளிலும் தொடங்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து நாள் என்று வகைகள் உண்டு. படம் ஒட்டத் தேவையில்லை. ஆனால் அதன் ஐந்து நாள் விலை வாராந்தப் பாஸின் இரு மடங்கையும் தாண்டுகிறது. சில இடங்களில் நுழைவுக் கட்டணச் சலுகை தருகிறார்கள் என்பார்கள். அந்த இடங்களுக்கு நீங்கள் போவீர்களா என்று முதலில் பாருங்கள்.

பெர்லின் மாணவி எழுதியது:

வாசித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு சிறு ஒப்பீடு மட்டும். இங்கே பெர்லினில் ஏழு நாள் சீட்டை எந்தக் கிழமையில் தொடங்கினாலும் ஏழு நாள் தருகிறார்கள். ஆனால் காகிதச் சீட்டை வாங்கியதும் முத்திரைப் பெட்டியில் செருகி நேரத்தைப் பதிக்காவிட்டால் சீட்டு இருந்தும் இல்லாததுதான். வியன்னாவின் வாரச் சீட்டு நெடுங்காலம் பாரிஸைப் போலவே கிழமைக் கணக்கில், அடுத்த திங்கள் காலை 9 மணி வரை செல்லுபடியாக இருந்தது. லண்டனில் வங்கி அட்டையைத் தட்டிப் போனால் வாரத்துக்கான உச்ச வரம்பைத் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் கணக்கிடுகிறார்கள். ஆகவே ஒரு நகரில் கற்ற பழக்கத்தை அடுத்த நகருக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

கரந்தைத் தாத்தா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஸ்டுடியோக்காரரிடம் இரண்டரைக்கு மூன்று என்று சொன்னேன். பீடி கட்டில் ஒட்டும் படமா என்று கேட்டார். எப்படியோ ஆளுக்கு நான்கு பிரதிகள் வந்துவிட்டன.

இப்போது ஒரு சிக்கல். விமானச் சீட்டை ஒரு நாள் தள்ளி வெள்ளிக்கிழமைக்கு மாற்றினால் கட்டணம் குறையும் என்று மகன் சொல்கிறான். திரும்பும் நாளில் மாற்றமில்லை. அப்படி மாற்றினால் மேற்சொன்ன கணக்கு என்ன ஆகும்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

குலைந்துவிடும். வெள்ளியன்று இறங்கினால் அந்த வாரத்துப் பாஸ் கிடைக்காது. வெள்ளி மாலை 2 பயணங்கள், சனி 4, ஞாயிறு 4 என்று வைத்துக்கொண்டால் பத்துச் சீட்டு 25 யூரோ, விமான நிலையம் 13, ஆக 38. திங்களும் செவ்வாயும் முன்போலவே 28. அட்டை 2. மொத்தம் 68 யூரோ. அதாவது ஒரு நாள் குறைவாகத் தங்கி, 1.40 யூரோ கூடுதலாகச் செலவிடுவீர்கள்.

ஒரு நாள் பாஸ் 12 யூரோவுக்கு இருக்கிறது. அது விமான நிலையங்களுக்குச் செல்லாது. நகருக்குள் ஐந்து பயணமோ அதற்கு மேலோ போகும் நாளில் மட்டுமே பயன். அம்மா பேருந்தில் ஏறி இறங்குவார் என்றால் அந்த நாள்களில் அதை யோசிக்கலாம்.

வைகைக்கரை எழுதியது:

பார்த்தீர்களா, அண்ணாவின் கணக்கில் இப்போது முழங்காலும் வந்துவிட்டது.

ஐயா, விமானக் கட்டணத்தில் பெரிய தொகை மிச்சமானால் மாற்றுங்கள். பாஸுக்காக மட்டும் நாளை முடிவு செய்ய வேண்டாம். ஆனால் வியாழனிலேயே வருவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். விமானம் தாமதமானாலும் அன்றிரவுக்குள் பாஸை ஏற்றியாக வேண்டும். நள்ளிரவு கடந்தால் வெள்ளி.

லாச்சப்பல் வாசி எழுதியது:

வழிகளையும் எழுதிவிடுகிறேன். சார்ல் து கோலிலிருந்து ஆர்.ஈ.ஆர். பி தொடருந்தில் கார் து நோர் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து 5ஆம் தட மெட்ரோ நேராகப் பிளாஸ் திட்டாலிக்குப் போகிறது. அதுவே கடைசி நிறுத்தம் என்பதால் பெட்டியோடு அவசரப்பட்டு இறங்கவேண்டியதில்லை. ஞாயிறன்று ஆலயத்துக்கும் அதே 5ஆம் தடத்தில் கார் து நோர் வரை வந்து, லா சப்பல் பக்கமாக நடந்துவிடலாம். தேர் நாளில் அந்தத் தெருக்கள் மூடப்பட்டிருக்கும். பேருந்துகள் சுற்றிப் போகும். அன்று மட்டும் அம்மா பேருந்தை நம்ப வேண்டாம்.

வெர்சாய்க்குப் பிளாஸ் திட்டாலியிலிருந்து 5ஆம் தடத்தில் ஓஸ்டர்லிட்ஸ் நிலையம், அங்கே ஆர்.ஈ.ஆர். சி. வெர்சாயில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. அரண்மனைக்கு அருகிலிருப்பது வெர்சாய் ஷத்தோ ரிவ் கோஷ். தொடருந்தின் முகப்பில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கோடைகாலத்தில் இந்தச் சி தடத்தில் அடிக்கடி பராமரிப்பு வேலை நடக்கும். நகரின் நடுப்பகுதியை மூடிவிடுவார்கள். முதல் நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து வெர்சாய் ஷாந்தியேவுக்குத் தொடருந்து உண்டு. பாஸில் அதுவும் அடக்கம்.

ஓர்லிக்கு 2024 ஜூன் முதல் 14ஆம் தட மெட்ரோவே நேராகப் போகிறது. பிளாஸ் திட்டாலியில் 7ஆம் தடம் பிடித்து, இரண்டாவது நிறுத்தமான மேசோன் பிளான்ஷில் 14க்கு மாறுங்கள். மெட்ரோதானே என்று 2.50 சீட்டோடு போய்விடாதீர்கள். அந்தக் கடைசி நிலையத்துக்கு 13 யூரோச் சீட்டு வேண்டும்.

பேரனின் ஈசி அட்டையிலும் ஒரு சூட்சுமம். விமான நிலையச் சீட்டையும் 2.50 வகைச் சீட்டையும் ஒரே ஈசி அட்டையில் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. முதலில் விமான நிலையச் சீட்டை மட்டும் ஏற்றிப் பயன்படுத்திவிட்டு, அதன் பிறகு நகரச் சீட்டுகளை ஏற்றுங்கள். செவ்வாய்க்கிழமை அவை தீர்ந்த பின் மீண்டும் விமான நிலையச் சீட்டு. ஆகையால் நகரச் சீட்டுகளை அளவோடு வாங்குங்கள். மீந்தால் இயந்திரம் ஏற்க மறுக்கும்.

பாஸ் இருந்தாலும் பேருந்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் அட்டையைத் தட்டவேண்டும்.

கரந்தைத் தாத்தா எழுதியது:

ஊர் திரும்பிவிட்டோம். வழிகாட்டியவர்களுக்குக் கணக்கு ஒப்படைப்பது என் கடமை.

விமான நாளை மாற்றவில்லை. வியாழன் காலை ஆர்.ஈ.ஆர். நிலையத்தின் முகப்பில் ஏறத்தாழ நாற்பது நிமிடம் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற இளம் தம்பதியரிடம் படமில்லை. பக்கத்திலிருந்த புகைப்படப் பெட்டிக்குள் ஓடினார்கள். நாங்கள் இருவரும் தஞ்சாவூர் ஸ்டுடியோப் படத்தை அங்கேயே ஒட்டிக் கையெழுத்திட்டோம். முகப்பில் இருந்த பெண்மணி என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தமிழில் போட்ட கையெழுத்தைச் சுட்டி ஏதோ கேட்டார். இதுதான் என் கையெழுத்து என்று கடவுச்சீட்டைக் காட்டினேன், சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

முதல் நான்கு நாளில் ஒருமுறைகூடக் காசைப் பற்றி நினைக்கவில்லை. சனிக்கிழமை வெர்சாயிலிருந்து களைத்துத் திரும்பியபோது, அறைக்குப் போக ஒரு நிறுத்தத்துக்கும் பேருந்தில் ஏறினோம். ஞாயிறன்று தேருக்குப் போனோம். தெருவெல்லாம் தேங்காய் உடைத்துக் குவித்திருந்தார்கள். பேரன் சிதறிய தேங்காய்த் துண்டோடு மெட்ரோவில் ஏறி, எதிரில் இருந்த பிரெஞ்சுக்காரப் பாட்டிக்கும் ஒரு துண்டு கொடுத்தான்.

இரண்டாவது வாரம்தான் வேடிக்கை. என் மனைவி வெள்ளிக்கிழமையே அடுத்த வாரத்துப் பாஸை ஏற்றிக்கொண்டுவிட்டாள். நான் கணக்குப்பிள்ளை சொன்னதைக் கேட்டு ஈசி அட்டையில் தனிச் சீட்டு வாங்கினேன். திங்களன்று அவள் பேருந்தைக் கண்டதும் ஏறிவிட்டாள். நான் நிறுத்தத்திலேயே நின்றேன். என் அட்டையில் இருந்ததெல்லாம் மெட்ரோச் சீட்டுகள். ஓடிப்போய்ப் பேருந்துச் சீட்டு ஏற்றிக்கொண்டு அடுத்த வண்டியில் போனேன். அவள் இறங்குமிடத்தில் பேரனைக் கையில் பிடித்தபடி அரை மணி காத்திருந்தாள். பேரனிடம் பேருந்துச் சீட்டு இருந்தது, தாத்தாவிடம் இல்லை. திரும்பும்போது இன்னொரு பேருந்து. திட்டமிட்ட பயணங்களுக்கு மேல் இரண்டு பேருந்துச் சீட்டு, 4 யூரோ. ஆக அவளுக்கு ஆன செலவு 68.20, எனக்கு ஆனது 70.60. 1.60 யூரோவை மிச்சம் பிடிக்கப்போன வங்கிக்காரன் 2.40 யூரோ கூடுதலாகக் கொடுத்தான் என்று அவள் உறவினர் வீடுகளிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

திட்டத்தில் இல்லாத இரண்டு பேருந்துகளுக்கு நான் எப்படி ஐயா பொறுப்பாவேன்?

வைகைக்கரை எழுதியது:

அந்த இரண்டு பேருந்துகளைத்தான் அண்ணா நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

கரந்தைத் தாத்தா எழுதியது:

இருவரும் சமாதானமாக இருங்கள். கடைசியாக ஒரு சந்தேகம். என் தம்பி குடும்பம் அக்டோபரில் பாரிஸ் போகிறது. எங்கள் அட்டைகளை அவர்களுக்குக் கொடுத்துவிடலாமா?

லாச்சப்பல் வாசி எழுதியது:

ஈசி அட்டைகள் இரண்டையும் தாராளமாகக் கொடுக்கலாம் ஐயா, அவற்றில் பெயரில்லை. தெகூவெர்த் அட்டைகளைக் கொடுக்க முடியாது. அவற்றில் உங்கள் படமும் கையெழுத்தும் இருக்கின்றன. பத்திரமாக எடுத்து வையுங்கள், அடுத்த தேருக்கு வரும்போது ஆளுக்கு 5 யூரோ மிச்சம். உங்கள் தம்பி எந்தக் கிழமையில் இறங்குகிறார்?

கரந்தைத் தாத்தா எழுதியது:

வெள்ளிக்கிழமை.